பானெட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய இத்தாலிய கார்கள் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க சிவப்பு பெயின்ட், வளைவு நெளிவு, தோல் இருக்கை, ஏலத்தில் எந்த வண்டி எத்தனை கோடிக்குப் போனது என்பதுதான். முடிவில் அழகுக்கு இத்தாலி, என்ஜினுக்கு ஜெர்மனி என்று ஒரே வரியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கோவையில் ரீபோரிங் பட்டறை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் பட்டறை, நடத்தியவன் நான். சிலிண்டர் இருக்கும் பிளாக், அதன் மேல்மூடியான ஹெட், கிராங்க் இவற்றோடுதான் என் காலம் போனது. இத்தாலிக்காரர்கள் என்ஜினில் செய்த வேலையைத் தெரிந்த எவனும் அப்படி எழுத மாட்டான் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். மாருதியோ ஹூண்டாயோ டாடாவோ, முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார் எதுவானாலும் சரி, என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும், அதன் ஒரு முனையில் அதே வரிசையில் கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கும், அங்கிருந்து ஒன்று குட்டையும் ஒன்று நெட்டையுமாக இரண்டு டிரைவ் ஷாஃப்ட் சக்கரங்களுக்குப் போகும். இந்த அமைப்பை உலகத்துக்குக் கொடுத்தவர் ஃபியட்டின் பொறியாளர் டான்டே ஜியாகோசா. என்ஜினைக் குறுக்கே வைத்து 1959ல் மினி வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, அது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மினியில் கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியில், ஆயில் தேங்கும் சம்ப்புக்குள்ளேயே இருந்தது. என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கியர் பல்லுக்கு வேண்டிய ஆயில் வேறு, பேரிங்குக்கு வேண்டிய ஆயில் வேறு என்பது பட்டறைப் பையனுக்கும் தெரியும். ஜியாகோசா இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஃபியட் நிர்வாகத்துக்குப் பயம், முன்சக்கரம் இழுக்கும் வண்டியை ஜனங்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ என்று. அதனால் ஃபியட் பெயரில் விடாமல், ஆட்டோபியாங்கி என்ற சின்ன நிறுவனத்தின் பெயரில் 1964ல் பிரிமுலா என்ற காராக விட்டுப் பார்த்தார்கள். தேறியது. 1969ல் ஃபியட் 128 வந்தது, 1970ன் ஐரோப்பிய ஆண்டின் சிறந்த கார் விருதை அள்ளிக்கொண்டது. 1974ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் பின்பற்றியதும் இதே அமைப்பைத்தான். என்ஜினுக்கு ஜெர்மனி என்று எழுதியவர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இதே ஜியாகோசாவுக்கு முப்பது வயது நிரம்பும் முன்பே கிடைத்த வேலைதான் 1936ல் வெளிவந்த குட்டி ஃபியட் 500, டோபொலினோ என்று இத்தாலியர்கள் செல்லமாகக் கூப்பிட்ட வண்டி. வெறும் 569 சிசி, ஆனால் நாலு சிலிண்டர். என்ஜினை முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி, ரேடியேட்டரை அதற்குப் பின்னால் உயரத்தில் வைத்தார். சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானே கீழே இறங்கும், வாட்டர் பம்ப் வேண்டாம். பெட்ரோல் டேங்கும் என்ஜினைவிட உயரத்தில், ஆக பெட்ரோல் பம்ப்பும் வேண்டாம். ஒரு பாகத்தைச் சேர்ப்பது யாராலும் ஆகும். ஒரு பாகத்தை எடுத்துவிட்டு வண்டியை ஓட வைப்பதுதான் கஷ்டம். அப்புறம் 1955ல் 633 சிசியில் ஃபியட் 600, 1957ல் 479 சிசியில், இரண்டே சிலிண்டரோடு, காற்றே குளிர்விக்கிற புது 500. போரில் நொந்து கிடந்த ஒரு நாடு ஸ்கூட்டரிலிருந்து இறங்கி காரில் ஏறியது இந்த இரண்டு வண்டிகளால்தான்.

ஏன் இவ்வளவு சின்ன என்ஜினிலேயே இவ்வளவு மூளையைச் செலவழித்தார்கள் என்றால், வேறு வழியில்லை. பெட்ரோல் விலை அதிகம், என்ஜின் அளவு கூடக்கூட வரியும் கூடும். பிற்காலத்தில் 2 லிட்டரைத் தாண்டினால் வரி ஒரேயடியாக எகிறியது, அதற்குப் பயந்து ஃபெராரியே 2 லிட்டரில் ஒரு வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) செய்தது, 208 என்று பெயர். (நம் ஊரிலும் 4 மீட்டர் நீளம், 1200 சிசி என்று வரியில் கோடு போட்ட பிறகு எல்லா கம்பெனியும் அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றதைப் பார்த்தோமே.) அமெரிக்காக்காரன் பவர் வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்கினான். இத்தாலிக்காரனுக்கு அது முடியாது. அதே சிசியில் கூடுதல் ஆர்பிஎம், கூடுதல் காற்று, வால்வுக்கு நல்ல கோணம், நல்ல கார்புரேட்டர் என்று தேடித்தான் பவரை எடுக்க வேண்டியிருந்தது. பொலோன்யா ஊரின் வெபர் கார்புரேட்டருக்கு உலகமெங்கும் பந்தயக்காரர்களிடம் பெயர் வந்தது சும்மா இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மற்ற நாடுகளில் பந்தய என்ஜின் செய்தவன் ஒருத்தன், குமாஸ்தா ஓட்டும் காருக்கு என்ஜின் செய்தவன் வேறொருத்தன். இத்தாலியில் இரண்டும் பெரும்பாலும் ஒரே கை. இதற்கு அவுரேலியோ லாம்ப்ரெடியைவிட நல்ல சாட்சி கிடையாது. ஃபெராரியில் பெரிய வி12 என்ஜின்களை வரைந்தவர் அவர். 1951ல் சில்வர்ஸ்டோனில் ஃபெராரிக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி வெற்றி கிடைத்தது அவருடைய 4.5 லிட்டர் என்ஜினில்தான், ஓட்டியவர் அர்ஜென்டினாவின் கொன்சாலஸ். எதிரே ஆல்ஃபா ரோமியோ 159. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்த 1.5 லிட்டர் என்ஜின், பவர் பயங்கரம், ஆனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தராது. எரிபொருள் நிரப்ப நின்று நின்று ஓட வேண்டிய வண்டி. சூப்பர்சார்ஜரே வேண்டாம், பெரிய என்ஜினை நிதானமாக ஓட விட்டாலே ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டவர் லாம்ப்ரெடி. அடுத்து அவர் செய்த வெறும் நாலு சிலிண்டர் என்ஜினில் அஸ்காரி 1952, 1953 இரண்டு வருடமும் உலக சாம்பியன் ஆனார்.

அப்படிப்பட்டவர் 1955ல் ஃபெராரியை விட்டு ஃபியட்டுக்குப் போனார். போய் என்ன செய்தார்? நடுத்தரக் குடும்பம் வாங்கும் ஃபியட் 124 காரின் சாதாரண இரும்பு பிளாக்கை எடுத்து, அதன் மேல் இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வைத்த அலுமினிய ஹெட் ஒன்றை உட்கார வைத்தார். 1966ல், 1438 சிசியில். அந்தக் காலத்தில் இரட்டை கேம் என்றால் பந்தயக் காருக்கும் பணக்காரன் காருக்கும்தான். கேமைச் சுற்ற வைக்கும் டைமிங் செயின் நீளமாக வேண்டும், சத்தம், விலை. லாம்ப்ரெடி பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டார். பெல்ட்டை முதலில் போட்டது ஜெர்மனியின் கிளாஸ் என்ற சின்ன கம்பெனி, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரட்டை கேமுக்குப் போட்டு, லட்சக்கணக்கில் செய்து, சாதாரண மனிதன் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது இந்த என்ஜின்.

அந்த ஹெட்டில் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கண்ணில் இது படவே படாது. கேம் நேராக வால்வை அமுக்கும் என்ஜின்களில் இடையே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், நாங்கள் டேப்பட் கேப் என்போம். இடைவெளி கூடினால் சத்தம், குறைந்தால் வால்வ் சரியாக மூடாமல் கருகிப் போகும். அந்தக்கால இரட்டை கேம் என்ஜின்களில் இடைவெளியைச் சரிசெய்யும் தகடு, வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் டேப்பட் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும். ஆல்ஃபாவிலும் அப்படித்தான், ஜாகுவாரிலும் அப்படித்தான். ஒரே ஒரு வால்வுக்கு தகடு மாற்றவும் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும், டைமிங்கைத் திரும்ப வைக்க வேண்டும், அரை நாள் போய்விடும். லாம்ப்ரெடி அந்தத் தகட்டைக் கிண்ணத்தின் தலைமேல் ஒரு பள்ளத்தில், நாணயம் போல, வைத்தார். கேமின் மூக்கு மேலே பார்க்கும்படி சுற்றிவிட்டு, கிண்ணத்தை ஒரு கருவியால் அமுக்கிப் பிடித்து, காற்று அடித்தால் தகடு தானே எழும்பி வரும். வேறு கனத்தில் ஒன்றை வைத்தால் முடிந்தது வேலை. கேம்ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம். பின்னாளில் ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இதே முறை வந்தது. ஃபெராரி வி12 வரைந்த மனிதன், எங்கோ ஒரு சின்ன ஊர்ப் பட்டறையில் கை கறுத்த மெக்கானிக் ஒருவன் சிரமப்படக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். எனக்கு இதைவிடப் பெரிய அழகு எந்த வளைவிலும் தெரியவில்லை.

அந்த என்ஜின் எங்கே போய் நின்றது தெரியுமா? ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 மூன்று வருடங்களில் உலக ராலி பட்டம். ஃபியட் வாங்கிவிட்ட லான்சியாவின் 037, 1983ல். அதற்குப் பிறகு பின்சக்கரம் மட்டும் இழுக்கும் எந்தக் காரும் அந்தப் பட்டத்தை வாங்கவில்லை. அப்புறம் லான்சியா டெல்டா, 1987 முதல் 1992 வரை தொடர்ச்சியாக ஆறு வருடம். கூட்டிப் பாருங்கள், பத்து உலகப் பட்டம். எல்லாவற்றுக்கும் வேர் அந்த 124ன் இரும்பு பிளாக்குக்கு மேல் உட்கார்ந்த இரட்டை கேம்தான். டர்போ வந்தது, 16 வால்வ் வந்தது, நாலு சக்கர டிரைவ் வந்தது, பரம்பரை மட்டும் மாறவில்லை.

ஆல்ஃபா ரோமியோ கதையும் இதே ஜாடைதான். விட்டோரியோ யானோ 1923ல் ஃபியட்டிலிருந்து மிலான் நகரத்து ஆல்ஃபாவுக்கு வந்தார், அவர் செய்த பி2 கார் 1925ல் முதல் உலகப் பட்டத்தை வாங்கியது. பின்னாளில் 8சி 2300 காரில் எட்டு சிலிண்டரை ஒரே நீள பிளாக்காக வார்க்காமல், நாலு நாலாக இரண்டு பிளாக் வைத்து நடுவில் கியர் கோர்வை வைத்து கேமைச் சுற்ற வைத்தார், நீளமான கேம்ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும் தொல்லை பாதியாகக் குறைந்தது. அந்தப் பந்தய அறிவெல்லாம் 1954ல் ஜூலியெட்டா என்ற 1290 சிசி சின்ன காரில் இறங்கியது. பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம், மேலே இரண்டு கேம், அரைக்கோள வடிவ எரிப்பறை. ஒவ்வொரு சிலிண்டரும் லைனர் என்ற தனிக் குழாய், தண்ணீர் நேராக அதன் வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். லைனர் தேய்ந்தால் ரீபோரிங் வேண்டாம், உருவிவிட்டுப் புதிது இறக்கலாம். என் தொழிலுக்கு அது நஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன், அது உயர்ந்த வேலை. அந்தக் குடும்பத்து என்ஜின் 2 லிட்டர் வரை வளர்ந்து 1990கள் வரை ஓடியது. கேமின் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றும் ஏற்பாட்டை இன்று விளம்பரத்தில் எல்லாக் கம்பெனியும் பெருமையாகப் போடுகிறதே, அதை விற்பனைக் காரில் முதலில் வைத்ததும் 1980ல் ஆல்ஃபா ஸ்பைடர்தான். ஜுசெப்பே புஸ்ஸோவின் வி6 பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கடிதம் ஆகிவிடும். 1979ல் வந்து 2005 கடைசி வரை அரேசே தொழிற்சாலையில் செய்யப்பட்ட என்ஜின் அது.

கட்டுரையில் லான்சியாவுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அதுவும் ராலி பற்றி. மனது கேட்கவில்லை. வின்சென்சோ லான்சியா 1922ல் காட்டிய லாம்ப்டா காரில் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கப்பலின் அடிப்பாகம் போல் பாடியே முழு பாரத்தையும் தாங்கியது. முன்சக்கரங்கள் ஒன்றை ஒன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கின. உலகம் இன்னும் லாரி போன்ற சேஸிஸில் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. என்ஜின் வி4, ஆனால் இரண்டு வரிசைக்கும் நடுவில் கோணம் சுமார் 13 டிகிரிதான், அவ்வளவு நெருக்கம். அதனால் இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே ஹெட், ஒரே கேம்ஷாஃப்ட் போதும். நீளமும் குறைவு, அகலமும் குறைவு. இதே நெருக்கமான வி யோசனையை, ஒரே ஹெட் சகிதம், ஃபோக்ஸ்வாகன் தன் விஆர்6 என்ஜினில் கொண்டுவந்தது 1991ல். கிட்டத்தட்ட எழுபது வருடம் கழித்து!

அப்புறம் 1950ல் ஆரேலியா. உலகில் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் வி6 என்ஜின் அதில்தான் இருந்தது. ஆறு சிலிண்டரை வி வடிவில் வைத்தால் ஆட்டம் வரும் என்று எல்லோரும் ஒதுக்கிய வேலையை பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ என்ற பொறியாளர் போர்க்காலத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, 60 டிகிரி கோணத்தில் வைத்தால் ஆட்டத்தை அடக்கலாம், வெடிப்பும் சம இடைவெளியில் வரும் என்று கண்டார். யானோவும் அப்போது லான்சியாவில்தான் இருந்தார். இன்று எந்தக் கம்பெனி வி6 செய்தாலும் பெரும்பாலும் அதே 60 டிகிரி. பிரச்சினை என்னவென்றால், லான்சியா கணக்குப் பார்க்காமல் கார் செய்தது. இவ்வளவு நுணுக்கமாகச் செய்து அந்த விலைக்கு விற்றால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? 1969ல் ஃபியட்டிடம் போய்ச் சேர்ந்தது.

ஃபெராரி, லம்போர்கினி பற்றி நீங்களே நிறையப் போட்டிருக்கிறீர்கள், நான் கூட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும். 1947ன் முதல் ஃபெராரியில் கொலம்போ என்ற பொறியாளர் வைத்த வி12 வெறும் 1.5 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு 125 சிசி, அதாவது ஒரு சின்ன பைக் என்ஜின் அளவு. சின்னதில் பெரிய வேலை என்ற அதே குணம் அங்கேயும் இருக்கிறது.

கெட்ட பெயர் எப்படி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துரு. 1970களில் செய்த ஃபியட், ஆல்ஃபா, லான்சியா பாடிகள் மழையும் உப்பும் தாங்காமல் இற்றுப் போயின, இங்கிலாந்தில் லான்சியா பீட்டாவுக்கு அதனாலேயே பெயர் கெட்டு, பிறகு அந்தச் சந்தையிலேயே எழுந்திருக்க முடியவில்லை. நேபிள்ஸ் பக்கம் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையில் செய்த ஆல்ஃபாசூத், ஓட்ட அவ்வளவு இனிமையான வண்டி, சிலிண்டர்கள் எதிரெதிரே தாழ்வாகப் படுத்த பாக்ஸர் என்ஜின், அதையும் துருதான் தின்றது. கரன்ட் வயரிங்கும் சுமார்தான். ஆனால் இவை தகரத்தின் குற்றம், வயரின் குற்றம். என்ஜினின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? டைமிங் பெல்ட்டை காலத்தில் மாற்றாமல் ஓட்டுவது, அது அறுந்து வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டதும் இத்தாலி என்ஜின் தாங்காது என்பது. அலுமினிய என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்சிலேட்டரை அமுக்குவது, பிறகு ஹெட் காஸ்கெட் போச்சு என்று புலம்புவது. இதெல்லாம் எல்லா ஊர்ப் பட்டறையிலும் பார்க்கிற சங்கதிதான்.

நம் ஊருக்கு இதில் சம்பந்தம் உண்டா என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். நிறையவே உண்டு. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100, பிறகு பத்மினி என்று பெயர் மாறிய கார், தமிழ்நாட்டில் எத்தனை டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் நின்றது! அதன் 1089 சிசி என்ஜின் 1937ல் ஃபியட் கொண்டுவந்த 508 சி காரின் வம்சம். அதே 68 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), அதே 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். பட்டறைக்கு வரும் பத்மினி பிளாக்கில் பெரும்பாலும் போர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், அளந்து அடுத்த ஓவர்சைஸுக்குப் போர் அடித்து, சூட்டில் வளைந்த ஹெட்டைச் சமமாகச் சீவி, அதாவது ஃபேசிங் பண்ணிக் கொடுத்தால் மறுபடி ஒரு தலைமுறை ஓடும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஃபியட்டின் ஊரான துரினில் வரைந்த அளவு, இந்த நூற்றாண்டு தொடங்கும் வரை நம் சாலையில் புது வண்டியாக வந்துகொண்டிருந்தது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அதே ஃபியட்டுகளை டியூன் பண்ணி ஓட்டினார்கள் நம் பையன்கள்.

அதோடு முடியவில்லை. டீசல் காரில் இன்று எல்லோரும் சொல்லும் காமன் ரெயில் முறையை (டீசலை அதிக அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி எல்லாச் சிலிண்டருக்கும் பீய்ச்சும் முறை) காருக்கு ஏற்றதாக ஆராய்ந்து உருவாக்கியது ஃபியட் குழுமத்தின் ஆராய்ச்சிக்காரர்கள். அதைப் பெரிய அளவில் தயாரிக்கும் உரிமையை வாங்கியது ஜெர்மனியின் போஷ். 1997ல் ஆல்ஃபா 156 அந்த முறையோடு வந்தது. பிறகு வந்த ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் டீசல் என்ஜின்தான் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா என்று இத்தனை வண்டியிலும் வேறு வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது. நம் மோட்டார் பத்திரிகைகள் அதை இந்தியாவின் தேசிய டீசல் என்ஜின் என்றே எழுதின. 2020ல் புது மாசு விதிகள் வந்தபோது மாருதி அதை நிறுத்தியது. கால் டாக்ஸி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஹெட் கழற்றவில்லை என்று பெருமையாகச் சொல்கிறவர் யாராவது ஒருவர் கிடைப்பார். அவருக்கு அது இத்தாலி என்ஜின் என்று தெரிந்திருக்காது. தெரியப்படுத்த வேண்டியது உங்களைப் போன்ற பத்திரிகைதானே?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பழைய கார் கண்காட்சிச் செய்தி அடுத்து எப்போது போட்டாலும், பானெட்டைத் திறக்கச் சொல்லி ஒரு படமாவது என்ஜினை எடுங்கள். பாடியை வடிவமைத்தவர் பெயரைப் போடும் அதே படக்குறிப்பில் என்ஜினை வரைந்தவர் பெயரையும் போடுங்கள். ஜியாகோசா, லாம்ப்ரெடி, யானோ, டி விர்ஜிலியோ, புஸ்ஸோ, இந்தப் பெயர்கள் ஒருமுறைகூடத் தமிழ்ப் பத்திரிகையில் என் கண்ணில் பட்டதில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பைப் புரட்டுகிறார்கள், அவர்களுக்காகவாவது போடுங்கள். படத்தில் இருப்பது எந்த என்ஜின், யார் வேலை என்று சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கலாம், தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்